பரம்பரை விழித்திரை நோய்: சேலத்துக்காரர்கள் எங்கே போய்க் காட்டுவது?

"ரெட்டினாவில் பிரச்சனை, பரம்பரையாக வருவது, பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள்" என்று சொல்லி உள்ளூர்க் கண் மருத்துவர்கள் அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பெரிய ஆஸ்பத்திரி, அங்கே போய் என்ன கேட்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று பல பக்கத்திலிருந்தும் வாசகர்கள் கேட்பது இதைத்தான்: கோவையா, சென்னையா, பெங்களூரா, இல்லை சேலத்திலேயே பார்த்துக்கொள்ளலாமா? சித்தப்பா ஒரு ஊர் சொல்வார், மாமா இன்னொரு ஊர் சொல்வார். இதற்கிடையே ஒரு வருடம் ஓடிவிடும்.

நான் மருத்துவர் இல்லை. இந்த நோய் உள்ள குடும்பங்களோடு நிறையப் பேசியதில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியின் பெயரை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். இப்போதைக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முதலில் முடிவு செய்தால் ஊர் தானாக அமைந்துவிடும்.

## முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

விழித்திரை என்பது கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒளியை உணரும் திரை, ஆங்கிலத்தில் ரெட்டினா. பரம்பரை விழித்திரை நோய் என்பது ஒரே நோய் அல்ல. 280-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் எதில் பிழை இருந்தாலும் ஏதோ ஒரு வகை வரலாம். அதிகம் காணப்படுவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. உலகக் கணக்கில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் எடுத்த கணக்குகள் இதைவிட அதிகமாகவே காட்டியிருக்கின்றன. முதலில் இருட்டில் தடுமாற்றம். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, கதவுச் சந்து வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் மிஞ்சும்.

ஏற்காட்டு மலைக்கிராமங்களில் மாலை ஆறரைக்கு மேல் பனியும் இருட்டும் சேர்ந்துகொள்ளும். தடுமாறும் பிள்ளையைப் பார்த்து "மாலைக்கண்தான், கீரை போடு" என்று சொல்லிவிடுவது வழக்கம். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் சிகிச்சையில் சரியாகிவிடும். ஆர்.பி. அப்படிப் போகாது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு முக்கியமான வகை ஸ்டார்கார்ட். இது நேர்மாறு: நடுப்பார்வை முதலில் போகும், பெரும்பாலும் பள்ளி வயதில். போர்டு தெரியவில்லை என்று பிள்ளை சொல்லும், கண்ணாடி மாற்றியும் சரியாகாது. ஆரம்பத்தில் விழித்திரை ஓரளவு சாதாரணமாகவே தெரிவதால், படிக்கப் பிடிக்காமல் பொய் சொல்கிறான் என்று அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. ஸ்டார்கார்ட் உள்ளவர்கள் வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிடக் கூடாது. அந்த நோயில் விழித்திரையில் சேரும் கழிவு, வைட்டமின் ஏயிலிருந்து உருவாவது. "கண் நரம்புக்கு நல்லது" என்று கடையில் வாங்கித் தருவதற்கு முன்னால் எந்த வகை நோய் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கருவிகள். இந்த நோய்க்கு நான்கு பரிசோதனைகள் முக்கியம். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன், பக்கப் பார்வையை அளக்கும் ஃபீல்ட் டெஸ்ட், விழித்திரை தானாக ஒளிர்வதைப் படமெடுக்கும் ஆட்டோஃப்ளோரசன்ஸ், விழித்திரை செல்களின் மின் துடிப்பை அளக்கும் இ.ஆர்.ஜி. முதல் இரண்டும் இப்போது பல இடத்தில் கிடைக்கும். சிக்கல் இ.ஆர்.ஜி.யில்தான். முறைப்படி செய்தால் குறைந்தது 20 நிமிடம் இருட்டில் உட்கார வைத்த பிறகே தொடங்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் மயக்கம் கொடுக்கவும் நேரலாம். கருவி இருந்தாலும் அதைச் செய்து பழகியவர் இருக்கிறாரா என்பதும் முக்கியம்.

மரபணுப் பரிசோதனையும் அதை விளக்க ஆளும். ரத்தம் எடுத்து அனுப்புவது எந்த ஊரிலும் நடக்கும். வந்த ரிப்போர்ட்டைப் படித்து உங்கள் குடும்பத்துக்கு அது என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளை வைத்துத்தான் நான் ஆஸ்பத்திரியை மதிப்பிடுவேன்.

எத்தனை பேர், எத்தனை முறை. அப்பா, அம்மா, பாதிக்கப்பட்ட பிள்ளை, சில சமயம் உடன்பிறந்தவர்கள் என்று எல்லோரும் போக வேண்டிவரும். தறி ஓட்டுபவருக்கும் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கும் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும்.

பிறகு தொடர்ந்து பார்ப்பது. இது ஆயுள் முழுக்கக் கூட வரும் நோய். வருடம் ஒரு முறையாவது காட்ட வேண்டியிருக்கும். அதற்காகச் சென்னைக்கு 330 கிலோமீட்டர் போய்க்கொண்டே இருக்க முடியாது.

## சேலத்திலேயே

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் சேலத்தில் கிளை உண்டு. தனியார் ரெட்டினா மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த, ஸ்கேன் எடுக்க, ஃபீல்ட் டெஸ்ட் செய்ய இங்கே போதும். அதைவிட முக்கியமாக, ஆர்.பி.யோடு கூட வரும் சரிசெய்யக்கூடிய பிரச்சனைகளை இங்கேயே கவனிக்கலாம். ஆர்.பி. உள்ளவர்களுக்குக் கண்புரை இளவயதிலேயே வருவது சகஜம். நடுவிழித்திரையில் நீர் கோப்பதும் நடக்கும். புரையை அறுவை செய்தும், நீரைச் சொட்டு மருந்து அல்லது மாத்திரை கொடுத்தும் பார்வையை ஓரளவு மீட்க வாய்ப்பு உண்டு. "இதற்கு மருந்தே இல்லை" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்ப் பல வருடம் கண்ணையே காட்டாமல் விட்டவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் உள்ளூர் வேலை. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறீர்கள் என்பது மட்டும் கணக்கில்லை. பார்வைப் புலம், அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு, 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை. 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. ஆர்.பி. உள்ளவர் பலகையில் 6/6 (இயல்பான பார்வைக்கான வரி) படித்துக்கொண்டே பக்கத்தில் வரும் பைக் தெரியாமல் இருக்கலாம். பலகையை மட்டும் காட்டிவிட்டு "நன்றாகத்தான் தெரிகிறது" என்று திருப்பி அனுப்பினால், ஃபீல்ட் டெஸ்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வில் எழுத உதவியாளரும் கூடுதல் நேரமும் கேட்பதற்கு இந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

எங்கே இது பற்றாது? நோயின் சரியான பெயரும் மரபணுவும் வேண்டும் என்றால் வெளியூர்தான். மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு: பக்கத்திலேயே இருக்கிறதே என்று மூன்று நான்கு இடத்தில் காட்டி, ஒரே ஸ்கேனை ஒவ்வொரு இடத்திலும் காசு கொடுத்து எடுப்பது. படங்களை சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் பல மணி நேரம் மங்கலாகவே இருக்கும், வெளிச்சம் கூசும். சாயங்காலம் பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். காலையிலேயே பஸ்ஸில் இறங்கி, பொழுதோடு துணைக்கு ஒருவரோடு திரும்புவது நல்லது.

## கோவை, மதுரை

கோவை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அரவிந்தின் கோவை மருத்துவமனை அவிநாசி சாலையில் இருக்கிறது. ரெட்டினாவுக்குத் தனிப் பிரிவு உண்டு. பணம் கட்டும் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனியாக இருப்பதால், வசதி இல்லாத குடும்பம் தயங்கத் தேவையில்லை. சேலம் கிளையில் ஏற்கெனவே காட்டியிருந்தால் அங்கிருந்தே எழுதி வாங்கிப் போவது சுலபம்.

மதுரை தூரம் கூடுதல். ஆனால் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய மூல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கண் நோய்களின் மரபணுவை ஆராயும் அரவிந்த் ஆராய்ச்சி மையமும் அங்கேதான். கோவையில் பார்த்து மரபணு வேலை மீதமிருந்தால், மதுரைக்கு அனுப்ப முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

இந்த வழி யாருக்கு? நோய் எந்த வகை என்று தெரிய வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது என்பவர்களுக்கு. மறைமுகச் செலவு, கூட்டம். முன்கூட்டி போன் செய்து, இ.ஆர்.ஜி. அன்றே எடுக்கப்படுமா என்று கேட்காமல் போனால், "இன்னொரு நாள் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்ப நேரலாம். ஒரு நாள் பயணம் இரண்டு நாளாகிவிடும்.

## சென்னை

டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் ரெட்டினா நிபுணர்கள், சொந்த மரபணு ஆய்வகம், குறைபார்வை உதவிப் பிரிவு மூன்றும் உண்டு. ஒரே வளாகத்தில் இத்தனை கிடைப்பது பெரிய வசதி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகின் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பணம் ஒரு தடை என்றால் அதையும் பட்டியலில் வையுங்கள். பொறுமை மட்டும் வேண்டும்.

நான் பார்த்தவரை, மரபணு வரை போவது என்று முடிவு செய்த குடும்பத்துக்கு ஒரு முறை சென்னை போவது தகும். ஆனால் மரபணுப் பரிசோதனை என்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கிடைப்பது: எந்த மரபணு, எப்படிப் பரவும் என்ற தகவல். அப்பா அம்மா இருவரும் பிழையைச் சுமப்பவர்களாக இருந்து, இருவருக்கும் நோய் இல்லாத வகையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. நம் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது வழக்கம் என்பதால் இந்த வகை அதிகம் தென்படுகிறது. மாமனும் அக்கா மகளும் மரபணுவில் சராசரியாக கால் பங்கைப் பகிர்கிறார்கள், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கை. எக்ஸ் குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்று) வழியாக வரும் வகை வேறு. அதில் அம்மா சுமப்பவர், மகன்களுக்கு 50 சதவீதம். இதைக் கேட்டவுடன் மருமகள் மேல் பழி போடும் வீடுகள் இருக்கின்றன. மரபணு யாரும் தேர்ந்தெடுத்து வாங்குவது இல்லை என்பதை மரபணு ரிப்போர்ட்டை விளக்கும் ஆலோசகர் மாமியாரையும் உட்கார வைத்துச் சொன்னால் நல்லது.

கிடைக்காமல் போகக்கூடியது: பதிலே. நல்ல ஆய்வகத்தில் செய்தாலும் கணிசமானவர்களுக்கு மரபணு பிடிபடுவதில்லை. சிலருக்கு, "மாற்றம் இருக்கிறது, ஆனால் நோய்க்குக் காரணமா என்று உறுதியில்லை" என்று வரும். அப்போது அப்பா, அம்மா ரத்தமும் வேண்டும். அப்பா திருப்பூரில் வேலை பார்த்தால் அவரை வரவழைக்க இன்னொரு முறை. ஆகவே முதல் முறையே பெற்றோர் இருவரும் போவது நல்லது. ஆண்களுக்கு மட்டும் கடுமையாக வரும் ஆர்.பி. என்றால், ஆர்.பி.ஜி.ஆர். என்ற மரபணுவின் ஓ.ஆர்.எஃப். 15 பகுதியையும் இந்தப் பரிசோதனை பார்க்கிறதா என்று கேளுங்கள். சாதாரணப் பரிசோதனைகளில் அந்தப் பகுதி நழுவிப்போவது உண்டு.

இன்னொரு செலவு ரூபாயில் வராது. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தால், இந்த ரிப்போர்ட் வெளியே தெரிந்தால் சம்பந்தம் பேசும்போது வந்து நிற்கும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைச் சும்மா ஒதுக்க முடியாது. யாருக்கு ரத்தம் எடுப்பது, யாரிடம் சொல்வது என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். நோய் அறிகுறி இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று செய்யச் சொல்லாதீர்கள். அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவெடுக்கட்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, சேலத்திலிருந்து இரவு ரயில் வசதிதான். ஆனால் இருட்டில் கண் தெரியாதவரை இரவு நேரத்தில் பிளாட்பாரம் மாற்றிக் கூட்டிப்போவது யோசிக்க வேண்டிய விஷயம். பகல் ரயில் கிடைத்தால் அதில் போய் ஒரு இரவு தங்குங்கள். அறை வாடகை கூடும்தான், ஆனால் விழுந்து காலை உடைத்துக்கொள்வதைவிடக் குறைவு.

## வேலூர்: காதோ சிறுநீரகமோ சேர்ந்திருந்தால்

கண்ணோடு காது கேட்பதும் குறைந்திருந்தால் அஷர் நோய்க்குறியாக இருக்கலாம். பிறக்கும்போதே கூடுதல் விரல், உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு சேர்ந்திருந்தால் பார்டெட்-பீடல். இப்படிப்பட்டவர்களுக்குக் கண் மருத்துவமனை மட்டும் போதாது. அங்குள்ள சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் எல்லாப் பிரிவும் மருத்துவ மரபியல் பிரிவும் இருப்பதால் நான் வேலூரைத்தான் சொல்வேன். சென்னை ரயிலில் ஏறிக் காட்பாடியில் இறங்கினால் போதும்.

## பெங்களூர், ஹைதராபாத்

பெங்களூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், சென்னையைவிடப் பக்கம். மேட்டூர், ஓமலூர்க்காரர்களுக்கு இன்னும் கிட்டே. அங்கே நாராயண நேத்ராலயாவில் கண் மரபணுவுக்கென ஆய்வகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே ஐ.டி.யில் வேலை பார்த்து, தங்க வீடும் இருந்தால் சென்னையை விட்டுவிட்டு இங்கே போகலாம். சான்றிதழ், அரசு உதவி இவற்றுக்கு மட்டும் மறுபடி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 1987-இலிருந்து இயங்கும் நல்ல நிறுவனம். முதல் முறைக்கே அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை சேலத்துக்காரர்களுக்கு இல்லை.

## "குணமாக்கித் தருகிறோம்" என்பவர்கள்

ஒப்பீட்டில் இதையும் வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குடும்பங்கள் உண்மையிலேயே இதையும் யோசிக்கின்றன. ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, விழித்திரைக்கு ஸ்டெம் செல் என்பது முறையான ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம், சிகிச்சையாக விற்கக் கூடாது. முறையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும். எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான மரபணுச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. லக்ஸ்டர்னா என்ற அந்த மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆர்.பி.இ. 65 என்ற ஒரே ஒரு மரபணுவில் இரு பிரதியும் பழுதானவர்களுக்கு மட்டும், அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிச்சமிருந்தால் மட்டும். அங்கே இரண்டு கண்ணுக்கும் வைத்த விலை 8.5 லட்சம் டாலர். இன்றைக்கு நமக்குக் கைக்கு எட்டாததுதான். ஆனால் எந்த மரபணு என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் நாளைக்கு வரும் ஆய்வில் சேர முடியும்.

## கேள்வியை வைத்து ஊர்

| இப்போதைய கேள்வி | முதலில் போக வேண்டிய இடம் | மறக்கக் கூடாதது |
|---|---|---|
| இது ரெட்டினா நோய்தானா? | சேலம் | பழைய கண்ணாடிச் சீட்டுகள் |
| எந்த வகை? | கோவை | இ.ஆர்.ஜி. எடுக்கும் நாள் |
| எந்த மரபணு? அடுத்த குழந்தைக்கு வருமா? | சென்னை, மதுரை அல்லது பெங்களூர் | பெற்றோர் இருவரும் |
| காது, சிறுநீரகமும் சேர்ந்து பாதிப்பா? | வேலூர் | பழைய மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் |
| பள்ளிச் சலுகை, சான்றிதழ், வருடப் பரிசோதனை | சேலம் | ஃபீல்ட் டெஸ்ட் தாள் |

கல்யாணமாகி அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதி என்றால் மூன்றாவது வரியிலிருந்தே தொடங்குங்கள். கர்ப்பத்தில் பரிசோதிக்க முடியுமா என்பது, குடும்பத்தில் எந்த மரபணு என்று முன்பே தெரிந்திருந்தால்தான் பேச்சுக்கே வரும். கர்ப்பமான பிறகு ஓடினால் ரிப்போர்ட் வரும் வாரங்கள் போதாமல் போகும். அறுபது வயதில் பார்வை பெரும்பாலும் போய்விட்ட தாத்தாவுக்கு மரபணு அவசரமில்லை. அவருக்குப் புரை இருக்கிறதா என்று சேலத்தில் பார்த்து, கைத்தடிப் பயிற்சிக்கும் பேசும் போனுக்கும் ஏற்பாடு செய்வது அவருக்கு உடனே உதவும். ஆனால் பேரனுக்கும் நோய் இருந்தால், தாத்தாவின் ரத்தம் பேரனின் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள உதவலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும் அறுவைக்குமானது. புறநோயாளியாகச் செய்யும் மரபணுப் பரிசோதனைக்குப் பொருந்துமா என்று போகிற மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு விளக்கம் கேட்க மட்டும் மறுபடி பயணம் வேண்டுமா என்றும் கேளுங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளுக்குப் பிறகு வீடியோ காலில் ஆலோசனை சொல்வது சகஜமாகிவிட்டது. மரபணு ஆலோசனைக்கு அது நன்றாகவே பொருந்தும்.

கிளம்பும் முன் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். யார் யாருக்குப் பார்வைக் குறை, எந்த வயதில் தொடங்கியது, யார் யாரைச் சொந்தத்தில் கட்டினார்கள், சின்ன வயதில் இறந்தவர்கள் உண்டா. பெரியம்மாவிடமும் ஊர்ப் பாட்டியிடமும் கேட்டால்தான் இதெல்லாம் வரும். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டு போனில் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.